விசாரணை நடக்கிற அளவுக்கு

"வசந்தகுமார் டாக்டர் நோயாளிகளைத் தொட்டே பாக்கிறதில்லைன்னு எழுதுங்க பாய்" என்றேன்.

ஷேக் பரீத் பாய் எழுதினார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவர். அன்றைக்குத் திங்கட்கிழமை, குறைதீர் கூட்டம். எனக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

பதினோரு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்கே வருகிறார் என்று அடுத்ததாகச் சொன்னேன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்றேன். வயசானவர்களை வா போ என்று பேசுகிறார் என்றும் சேர்க்கச் சொன்னேன். வாய் கூசாமல் வந்தது.

பாய்க்கும் வேகம் பிடித்துவிட்டது. காசு கேட்டார் என்று ஒரு வரி போட்டால் மனு கனமாகிவிடும் என்றார்.



"ஐயையோ, அது வேணாம் பாய். வேலை போற அளவுக்கு வேணாம். விசாரணை நடக்கிற அளவுக்கு எழுதுங்க, போதும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். புகாருக்கு அளவு சொன்ன முதல் ஆள் நீதாம்மா என்றார்.

எழுதச் சொன்னது எல்லாமே பொய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

என் மகள் சுடர்விழிக்கு ஒன்பது வயசு. வலிப்பு உண்டு. குடவாசல் பக்கம் எங்கள் ஊர். ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ஆர்த்தி டாக்டர் அவளுக்கு மருந்து கொடுத்த பதினோரு மாசத்தில் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. எந்த மாத்திரை, எத்தனை, எந்த வேளைக்கு எல்லாமே அந்தம்மாவுக்கு மனப்பாடம். சீட்டைப் பார்க்கவே மாட்டார், பிள்ளையைத்தான் பார்ப்பார்.

அவரை மாற்றிவிடக் கூடாதே என்று போன வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி இருநூறு கையெழுத்து வாங்கினேன். இதே மேஜையில் இதே பாய்தான் மனு எழுதினார். கருணைக் கடல், ஏழைகளின் தாய் என்று புகழ்ந்து தள்ளினார்.

மேலிடத்தில் படித்துப் பார்த்தார்கள். இவ்வளவு நல்ல டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்க வேண்டும் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கிளம்புகிற அன்றைக்கு அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் உங்கள் மனுவால்தான் அக்கா என்றார். போகிற இடம் தூரத்தில், புருஷன் வேலை பார்க்கிற ஊராம். மூன்று வருஷமாகக் கேட்டும் கிடைக்காத மாறுதலாம். நானும் பைத்தியக்காரி மாதிரி சிரித்து வைத்தேன்.

அப்புறம் எட்டு மாசம் டாக்டரே கிடையாது. நாற்காலி மட்டும் இருந்தது. நர்ஸம்மா பாவம், அவர்தான் ஊசியும் போடுவார், எங்களிடம் திட்டும் வாங்குவார்.

முதல் பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம். போகிற தடவையெல்லாம் வேறு டாக்டர். எப்போதிலிருந்து இருக்கிறது என்று ஒவ்வொருத்தரும் முதலிலிருந்து கேட்பார்கள். ஒருத்தர் மாத்திரையைக் கூட்டினார், இன்னொருத்தர் குறைத்தார். குடவாசலில் காசு கொடுத்தாவது பார்க்கலாம் என்றால், அங்கே நாங்கள் போகிற வயசான டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பங்குனி மாசம் சுடர்விழி வலிப்பு வந்து வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தாள். தண்ணீர் இல்லாத மாசம், அதனால் பிள்ளை எனக்கு மிஞ்சினாள். இப்போது ஆற்றில் தண்ணீர் விட்டாயிற்று. வாய்க்கால் கரையில் நடக்காமல் பள்ளிக்கூடத்துக்கு வழி கிடையாது.

சித்திரையில்தான் இந்த வசந்தகுமார் டாக்டர் வந்தார். சின்ன வயசு. சுடர்விழி பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள் என்று சொன்னதும் அவரே பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வெறும் தரையில் உட்கார்ந்து, அவளை ஒருக்களித்துப் பிடித்து, வாயில் வழிந்ததைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். அவர் தொட்டே பார்ப்பதில்லையாம்! என் நாக்கு அழுகிப் போகாதா?

அவர் மாத்திரையை மாற்றி இரண்டு மாசம் ஆகிறது. அதற்கப்புறம் அவளுக்கு வரவேயில்லை.

போன வாரம் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். மேல்படிப்புக்குச் சென்னையில் இடம் கிடைத்துவிட்டதாம். அப்பா ஆட்டோ ஓட்டிப் படிக்க வைத்தாராம். நல்லா இருங்க சார் என்று வாயாரச் சொல்லித்தான் வாங்கித் தின்றேன்.

விசாரணை ஒன்று கிடந்தால், அது முடிகிற வரைக்கும் அவரை இந்த ஊர் வேலையிலிருந்து விடுவிக்க மாட்டார்கள். இந்த ஆபீஸில் இருக்கிற ஒரு கிளார்க்தான் அதைச் சொன்னார். இவ்வளவு புகழ்ந்தும் ஆர்த்தி டாக்டரை ஏன் மாற்றினீர்கள் என்று போன வருஷம் இங்கே சண்டை போட வந்திருந்தேன். நல்லவர் என்று எழுதினால் மேலே போய்விடுவார்கள், கெட்டவர் என்று எழுதினால் இங்கேயே கிடப்பார்கள் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவ்வளவையும் பாய் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், அந்தப் பையன் படிப்பு என்னம்மா ஆகும் என்று கேட்டார்.

பாவம்தான் என்றேன். அவரைப் பெத்தவள் சாபம் விட்டால் என் தலையில்தான் விழும், விழட்டும் என்றேன். என் பிள்ளை தண்ணீரில் விழாமல் இருந்தால் போதும்.

பேர் போடாமல் மொட்டைக் கடுதாசியாக அனுப்பிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். மொட்டைக் கடுதாசியை யார் விசாரிப்பார்கள்? மலர்க்கொடி, கணவர் பெயர் அண்ணாதுரை என்று முழுசாக எழுதச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். எழுத்து அழகாக விழுந்தது, அதுதான் எனக்கே அசிங்கமாக இருந்தது.

பாய் காகிதத்தை உடனே கொடுக்கவில்லை.

"இனிமே அந்த டாக்டர் முகத்துல எப்படிம்மா முழிப்பே?"

"முழிச்சுத்தான் ஆகணும் பாய். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கார். புதன்கிழமையோட பாப்பாவுக்கு மாத்திரை முடியுது."