நாலு விரல் இறங்கிய சீட்

எட்டு மாதம் புற்றுநோயோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பிய டிராயிங் மாஸ்டர், முதல் வேலையாகத் தன் காட்டுப்பாதை சைக்கிளைத் தேடிப் போனார். சீட் நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. டயரெல்லாம் செம்மண்.

"என் சைக்கிள யாரு எடுத்தா?"

"யாரு எடுக்கப் போறா?" மனைவி நிமிராமல் துணி மடித்தாள்.

அவருக்கு வயிறு எரிந்தது. ஆஸ்பத்திரியில் வாரம் தவறாமல் அவள் சேதி கொண்டுவருவாள். "மூணாவது வளைவுல மரம் சாஞ்சிருக்காம். ஓடையில தண்ணி வந்திருச்சாம். உங்க சைக்கிள் கூட்டாளி சொன்னாரு." நானில்லாமல் அந்தக் குட்டையன் மட்டும் சுற்றுகிறானா என்ற ஆத்திரத்தில் அவன் போனைக்கூட எடுக்கமாட்டார். எழுந்து காட்டுகிறேன் பார் என்று மாத்திரையை விழுங்குவார். இப்போது பார்த்தால், அவன் சுற்றியதே இவர் சைக்கிளில்.

அவனுக்குப் போனைப் போட்டார். "ஏன்டா, உனக்குன்னு ஒரு சைக்கிள் இல்லையா?"

"நீ படுத்த மாசமே வித்துட்டேன்டா. தனியாப் போக மனசு வரல."

போனை வைத்தவர் மனைவியைப் பார்த்தார். அவள் முழங்கையில் ஆறிப்போன சிராய்ப்பு.

"அப்ப அந்த மரம், ஓடை?"

"அவரு பேரச் சொன்னாத்தான் நீங்க மாத்திரை போட்டீங்க. ஆனா பாக்காத பாதையப் பத்திப் புளுக எனக்குத் தெரியாது. அதான் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் காட்டுப்பாதைக்குக் கிளம்ப, வாடகை சைக்கிளில் அவளும் வந்தாள். முதல் மேட்டிலேயே அவரைத் தாண்டிப் போய், உச்சியில் நின்று தண்ணீர் குடித்தாள்.

"மெதுவா வாங்க, அவசரமில்ல."

அவருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. இறுக்கி மிதித்தார்.