சஃபரிங் ஃப்ரம்

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆன்லைன் வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மடிக்கணினியில் லீவ் லெட்டர்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். முதலாமாண்டு ஆங்கிலத் தாள். முப்பத்தெட்டு மாணவர்கள்.

முப்பத்தெட்டுப் பேருக்கும் தெரிந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றுதான். பள்ளியில் நெட்டுருப் போட்டது. ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். காய்ச்சலால் அவதிப்படுவதால்.

இந்த முறை யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது, வேறு காரணத்தைக் கற்பனை செய்து சொந்தமாக எழுதுங்கள் என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஒருவன் தாய்மாமனைக் கொன்றிருந்தான். ஒருத்தி வீட்டில் மாடு கன்று போட்டிருந்தது.

பென்னாகரம் பக்கத்து ஊரிலிருந்து வகுப்புக்கு வரும் கோகிலவாணி இப்படி எழுதியிருந்தாள்.

ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மேரேஜ்.

கல்யாணத்தால் அவதிப்படுகிறாளாம்! ஃபீவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மேரேஜை வைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

அதைப் படமெடுத்துத் துறை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கும் இருபது வருஷமாக அதே நோய்தான் என்று ஒருவர் எழுதினார்.

பதினோரு மணிக்கு வகுப்பு.

திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒரு முகம்கூட இல்லை. மூன்று மாதமாக இப்படித்தான்.

பெயரை மறைத்து அந்தக் கடிதத்தைக் காட்டினாள். வாக்கியத்தின் அடியில் சிவப்பாகக் கோடு இழுத்தாள். சஃபரிங் என்றால் நோய்க்கு மட்டும்தான். காய்ச்சல் வரலாம், தலைவலி வரலாம். கல்யாணம் நோய் இல்லை, கண்ணுகளா.

வகுப்பே சிரித்துத் தட்டச்சு செய்தது. இத்தனை பேர் பதில் போட்டு அவள் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு கிண்டலும் அடித்தாள்.

பிறகு சரியான வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தாள். ஆஸ் மை மேரேஜ் ஹேஸ் பீன் ஃபிக்ஸ்டு. கல்யாணம் நிச்சயமாகியிருப்பதால். கடிதத்தை எழுதியவரே திருத்தி அனுப்பட்டும் என்றாள்.

ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டது. ஒரு பிழை இல்லை. காற்புள்ளிகூட அதனதன் இடத்தில் இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தொண்டை வற்றக் கத்தியது வீண் போகவில்லை. கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினாள். கோகிலவாணிதான் எழுதியது என்று பெயரையும் சொல்லிப் பாராட்டினாள். வகுப்புக் குழுவில் போட்டு, இதுதான் மாதிரி, எல்லோரும் வியாழன் காலை ஒன்பது மணிக்குள் ஒரு லீவ் லெட்டர் எழுதி அனுப்புங்கள் என்றாள்.

சும்மா இருக்கக் கூடாதா? மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று வேறு விளையாட்டாகக் கேட்டுவைத்தாள்.

மைக் திறந்தது. பின்னால் அண்டாவை இழுக்கும் சத்தம். பெண்களின் பேச்சு. யார்கிட்ட பேசற என்று ஓர் ஆண் குரல்.

“மொதல்ல எழுதுனதுதாங்க மிஸ் சரி.”

மைக் மூடியது. கட்டம் மறைந்தது.

  வகுப்பை முடித்துவிட்டு, ஆசிரியர் குழுவில் போட்ட படத்தை அழித்தாள். அதற்குள் பதினான்கு பேர் பார்த்திருந்தார்கள்.

கோகிலவாணியின் எண்ணுக்குப் போன் செய்தாள். அப்பா எடுத்தார். நல்ல மனிதராகத்தான் பேசினார். வியாழக்கிழமை முகூர்த்தம், மேடம் அவசியம் வந்துவிட வேண்டும் என்றார். மகளிடம் கொடுக்க முடியாதாம், நலங்கு வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். படிப்பு என்று அவள் ஆரம்பித்ததும், அது இனி மாப்பிள்ளை வீட்டார் பாடு என்று சொல்லிவிட்டார்.

துறைத் தலைவரிடம் சொன்னாள். அவர் வயதைத்தான் கேட்டார். சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். பதினெட்டு முடிந்து நான்கு மாதம். அப்புறம் என்னம்மா, அது அவங்க வீட்டு விஷயம் என்றார்.

பஸ் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பயமாகவும் இருந்தது.

வியாழன் காலை கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

முப்பத்தேழு.

ஒன்றிலும் பிழை இல்லை. பெயரை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே பார்த்து எழுதியிருந்தார்கள். முப்பத்தேழு பேருக்கும் கல்யாணம். தாய்மாமனைக் கொன்றவனுக்கும் கல்யாணம்.

வகுப்பு முழுவதும் பிழையில்லாமல் எழுதியது இதுதான் முதல் தடவை. வேறு வழியில்லாமல் மதிப்பெண் போட்டுக்கொண்டே போனாள்.

பன்னிரண்டாவது கடிதத்தில் கை நின்றது.

லீவ் ஃப்ரம் தர்ஸ்டே. வியாழன் முதல் விடுப்பு. எதுவரை என்று இல்லை.

விட்டுவிட்டான் போல என்று அதற்கு முந்தையதைப் பார்த்தாள். அதிலும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஒருவர்கூட எழுதவில்லை.

வகுப்புக் குழுவுக்குப் போய் மேலே நகர்த்தி, தான் உரக்கப் படித்துக் காட்டிய கடிதத்தைத் திறந்தாள்.

வியாழன் முதல் என்றுதான் இருந்தது.

அதை அடுத்து முற்றுப்புள்ளி. கோகிலவாணி அதைச் சரியாகத்தான் வைத்திருந்தாள்.