இரவல் கோல்கீப்பர்

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஜலாலை அவனுடைய அரக்கோணம் குழுவினர் ஐந்து ஊர்க் கால்பந்துக் குழுக்களுக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவன் மனைவி ஷாஜாதி திருத்தணி வீட்டில் தனியாகக் கிடந்தாள்.

அன்று அரக்கோணத்திலிருந்து அவனுடைய கேப்டன் ராஜமாணிக்கம் தேடி வந்தார். ஜலால் வெளியே போயிருந்தான். ஷாஜாதி கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"அண்ணா, இந்த வருஷமாவது அவரை யாருக்கும் குடுக்காதீங்க. எனக்கு இது அஞ்சாம் மாசம்."

வாசலில் நின்ற ராஜமாணிக்கம் திரையின் பக்கம் திரும்பினார்.

"நாங்க எங்கம்மா குடுக்கறோம்? அவன மாதிரி கோல்கீப்பர் யாரு கீறாங்க? போவாதடான்னு கெஞ்சத்தான் இன்னிக்கு வந்தேன். வருஷா வருஷம் அவனேதான், எங்கனா அனுப்புங்கன்னு கேட்டுகினு வந்து நிக்கறான்."

அவர் போய்விட்டார்.

சாயங்காலம் வந்த ஜலால் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "மறுபடியும் என்னை இரவல் குடுத்துட்டாங்க ஷாஜாதி. இந்தத் தடவை கோலார். முடியாதுன்னு எவ்ளோ சொல்லியும் கேப்டன் கேக்கல."

ஏன் என்ற கேள்வி அவள் நாக்கு வரை வந்தது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"பெரியவங்க பேச்சைத் தட்ட முடியுமா?" என்றாள். "போய்ட்டு வாங்க."