காகிதம் மூடிய கண்ணாடி

கார் ஷோரூம் கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறது. புது மாடலைத் திறப்புக்கு முன்னால் யாரும் பார்க்கக்கூடாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து இந்தச் சிற்றூரில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இதுதான் வழக்கம். கணவன் இறந்தபின் ஓபல் தனியாக நடத்தும் முதல் திறப்பு இது. பொம்பளையிடம் கார் வாங்க யார் வருவார்கள் என்று ஊரார் பேசியது அவள் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. விளக்கொளியில், வால்பக்கம் இறக்கைபோல் இரு தகடுகள் நிமிர்ந்த பச்சைக் காரின் குரோமியப் பூச்சு ஓடும் தண்ணீராக மினுங்குகிறது; அழகுதான், கண் எடுக்க முடியவில்லை. மெழுகு மணக்கும் துணியால் துடைத்ததையே துடைக்கிறாள். காகிதத்தின் சின்னக் கிழிசலில் ஒரு கண் வந்து ஒட்டிக்கொள்கிறது. “அடேயப்பா, பின்பக்கம் றெக்கை முளைச்சிருக்குய்யா!” முடிதிருத்தும் ஹார்லனின் குரல். “தள்ளுய்யா, நாங்களும் பாக்க வேணாமா?” பின்னால் பல குரல்கள். “ஏம்மா ஓபல், கதவைத் திற, குளிருல கால் மரத்துப்போச்சு!” “உங்க காலுக்காக நேரத்தை மாத்த முடியுமா? இருட்டினதும்தான்,” என்கிறாள். பிறகு ஓசைப்படாமல் கிட்டே போய், அந்தக் கிழிசலை விரலால் இன்னும் கொஞ்சம் பெரிதாக்குகிறாள்.