நோவாக் தேடுகிறார்

ஆட்களைக் கழித்துக்கட்டும் நாளில் கிழவர் நோவாக் வந்து தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கோ" என்றால், அந்த வீரனுக்கு அணியில் வேலை போயிற்று, அணியின் ஆட்டத் திட்டங்கள் உள்ள அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம்.

டெரெல் அமெரிக்கக் கால்பந்து அணியில் தற்காப்பு ஆட்டக்காரன். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை விரட்டிப் பிடித்து மண்ணில் சாய்ப்பதுதான் பிழைப்பு.

"மாப்ளே, நோவாக் உன்னைத்தான் தேடறாரு," என்றான் பக்கத்து லாக்கர் ஓர்ட்டிஸ்.

"நான் செத்துட்டேன்னு சொல்லு."

டெரெல் பின்கதவு வழியாக மைதானத்துக்குள் பாய்ந்தான். தோளைத் தொடாதவரை வேலை இருக்கிறது அல்லவா?

"நில்லுடா டேய்," என்று நோவாக் துரத்தினார். வயது அறுபத்தெட்டு, ஒரு முழங்கால் மூட்டு எஃகு. டெரெல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான்.

மைதானத்தின் நடுக்கோட்டில் தோள்மீது கை விழுந்தது.

"புத்தகத்தைத் தர மாட்டேன், பெரியவரே."

"புத்தகத்தை யார்றா கேட்டா?" நோவாக்குக்கு மூச்சு வாங்கியது. "உன்னைக் கேப்டனாக்கத்தான் கூப்பிட்டாரு."

டெரெல் சிரிப்பதற்குள் கிழவரின் செல்போன் அடித்தது. கேட்டுக்கொண்டே மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே கோச் நின்றிருந்தார்.

"முழுசாப் பார்த்துட்டாராம், தம்பி," என்றார் நோவாக். "புத்தகத்தையும் எடுத்துக்கோ."