சிக்ஸர் மன்னன்

"சிக்ஸர் அடிச்சு அடிச்சுத் தேஞ்ச இந்தத் தோள்மூட்டைப் பாருங்கோ, சேர். மழை இருட்டினாலே கையைத் தூக்க ஏலாது," என்று சொல்லி, இராசையா தோளை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

மனேஜர் பாக்கியரத்தினம் அனுதாபத்தோடு தலையசைத்தார். கொழும்பிலிருந்து மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து அவருக்கு அதிக நாளாகவில்லை. அந்தக் கப்பல் சரக்குக் கொம்பனியின் ஊழியர்களுக்குள் வருடாவருடம் நடக்கும் கிரிக்கெட் சுற்றுப்போட்டியில் ஒரு பந்தைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆனால் விளையாட்டு என்றால் அவருக்கு உயிர்.

அதனால்தான் இந்தப் புது ஏற்பாடு. இத்தனை வருடச் சிக்ஸர் சாதனை யாருடையதோ, அவர் பெயர் மைதானத்துப் பலகையில் ஏறும். அவரே இனி விளையாட்டுப் பொறுப்பாளர். ஓர்ஸ் ஹில்லில் கொம்பனி வீடும் அவருக்குத்தான்.

சாம்பல்தீவில் மாமனார் வீட்டுப் பின்னறையில், மனைவி மக்களோடு ஒடுங்கிக் கிடக்கும் இராசையாவுக்கு அந்த வீடு எப்படியும் கிடைத்தாக வேண்டும். சாப்பாட்டுக் கோப்பையை வைக்கும்போதெல்லாம் மாமியார் விடுகிற பெருமூச்சை அவரால் இனித் தாங்க முடியாது.

குறுக்கே நின்றவர் பட்டறைப் பகுதிக் கிறிஸ்தோபர். மனேஜர் கொடுத்த பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து, சத்தம் வர உறிஞ்சிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கே இராசையா கதிரையைக் கொஞ்சம் அப்பால் இழுத்துப் போட்டார்.

ஸ்கோர்ப் புத்தகத்தின்படி கூடுதலான சிக்ஸர்கள் பண்டசாலை அணியின் இராசையாவுக்கு. ஆனால் கிறிஸ்தோபர் அதில் பாதி ஆட்டங்கள்கூட ஆடவில்லை. மொத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றார் இராசையா. ஆட்டத்துக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும் என்றார் கிறிஸ்தோபர். பண்டசாலைக்கு எதிராகப் பந்து போட்டவர்கள் எல்லாம் மூட்டை தூக்கிக் களைத்து வந்தவர்கள் என்று கிறிஸ்தோபர் பழித்தார். பட்டறை அணியின் சிக்ஸர்களைக் கடற்காற்றுத்தான் அடித்தது என்று இராசையா திருப்பிக் கொடுத்தார்.

"கோணேசர் அறிய, கூட சிக்ஸர் இராசையா பேரிலதான் எழுதிக் கிடக்கு, சேர்," என்றார் இராசையா.

கிறிஸ்தோபர் மீசையில் ஒட்டிய பிஸ்கட் துகளை நக்கிக்கொண்டார். "எழுத்தை விடுங்கோ. நான் அடிச்ச பந்தொண்டு கடலுக்குப் போனது, சேர். அங்க வள்ளத்தில இருந்து சாப்பிட்டவன்ர சோத்துக் கோப்பைக்குள்ள விழுந்தது."

மனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். இராசையாவுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. மனிதன் பொய் சொல்லலாம். சோற்றுக் கோப்பையோடு சொல்லலாமா? சொல்லிவிட்டு இப்படி ஒரு இளிப்பும் இளிக்கலாமா?

"சரி," என்றார் மனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பண்டசாலையும் பட்டறையும் மோதின ஆட்டங்களில ஆர் கூடுதலா அடிச்சது?"

கிறிஸ்தோபர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு எனக்குக் காய்ச்சல், சேர்," என்றார் கிறிஸ்தோபர்.

"அதுக்கு அடுத்த முறை?"

"அந்த முறை எனக்கு வயித்துக்குத்து," என்றார் இராசையா, தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி.

இருவரும் ஒரே ஆட்டத்தில் இறங்கியதே இல்லை என்பது தெரிந்ததும் மனேஜர் உற்சாகமாக மேசையில் தட்டினார். வழி பிறந்துவிட்டது. வருகிற ஞாயிறு பண்டசாலைக்கும் பட்டறைக்கும் ஆட்டம். இரண்டு பேரும் கட்டாயம் இறங்க வேண்டும். தான் அன்று கொழும்பில் நிற்பதால், திரும்பி வந்து ஸ்கோரைப் பார்த்து முடிவு சொல்வதாகச் சொன்னார்.

"கூட அடிக்கிறவருக்கு வீடு. போயிட்டு வாங்கோ."

வெளிப்படியில் கிறிஸ்தோபர் இராசையாவின் தோளில் கை போட்டார். கையில் பிஸ்கட் பிசுபிசுப்பு. "எனக்கு விட்டுத் தாருமன், இராசையா. என்ர மனுசி திரைச்சீலைக்கு அளவும் எடுத்திட்டா."

"கையை எடும். உம்மைப் போல வெக்கங்கெட்ட மனிசனை நான் என்ர சீவியத்தில காணேல்லை."

இப்படி ஒரு பொய்யனோடு மல்லுக்கட்டுவதைவிட மாமியாரின் பெருமூச்சே மேல் என்று இராசையாவுக்குத் தோன்றியது. அது ஒரு நிமிடம்தான். வேலை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். துறையில் தோணிக்காரனை அவசரப்படுத்திக் கிண்ணியாவில் இறங்கி, ஐஸ் மீன் வியாபாரி சரீபின் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பிந்திவிட்டார். முற்றத்தில், நல்ல கதிரையில், கிறிஸ்தோபர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சரீப் மீன் வெட்டிக்கொண்டிருந்த பலகையின் ஓரத்தில், பட்டறை அணியின் நீலத் தொப்பி இருந்தது.

இராசையா பைக்குள் கையை விட்டுப் பண்டசாலையின் வெள்ளைத் தொப்பியை எடுத்து, நீலத் தொப்பிக்கு முன்னால் வைத்தார். கிறிஸ்தோபர் எழுந்து வந்து நீலத்தை இன்னும் முன்னுக்குத் தள்ளினார். இராசையா வெள்ளையைத் தள்ளினார்.

சரீப் கத்தியைக் கீழே வைத்தார். ஐஸ் உருகிக் கெட்டுப்போன மீனைப் பார்ப்பதுபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழம நான் ஆர்ர பேருல இறங்குற?"