ஆவாரை சாட்சி

"தெருவே காய்ஞ்சு கருவாடாக் கிடக்கு. உங்க வீட்டுச் செடி மட்டும் எப்படி சார் பூத்துக் குலுங்குது?"

கேட்டவர் குடிநீர் வாரிய ஆய்வாளர். செடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது என்று தடை போட்ட கோடை அது. மீறினால் இணைப்பையே வெட்டிவிடுவார்கள். அடுத்த தெருவில் இரண்டு வீட்டார் ஏற்கெனவே குடமும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார்கள்.

"அது ஆவாரை, தம்பி" என்றார் வீட்டுக்காரப் பெரியவர். "மழை பெய்யலைன்னா கோவிச்சுக்காது. தண்ணி ஊத்தினாத்தான் கோவிச்சுக்கிட்டு அழுகிடும்."

"கதை வேணாம் சார். தினமும் குழாயைத் திறந்து விடுறீங்கன்னு போன்ல புகார் வந்திருக்கு."

"எந்தப் புண்ணியவானோ! நம்பிக்கை இல்லைன்னா தோண்டிப் பாருங்க. ஆணிவேரை மட்டும் குத்திடாதீங்க, அறுந்தா பிழைக்காது."

கடப்பாரை தயாராக இருந்தது. ஆய்வாளர் முழங்கை ஆழம் தோண்டினார். புழுதிதான் பறந்தது. அவருடைய வியர்வை குழியில் சொட்டியது.

"போதும் தம்பி. நீங்களே நனைச்சுடுவீங்க போலிருக்கே."

வீட்டம்மா டம்ளரில் பாதித் தண்ணீர் கொண்டுவந்தார். "முழுசாக் கொடுத்தா அதுக்கும் கேஸ் போடுவீங்களோன்னு பயம்."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. வாசல் குழாயைக் கம்பியால் கட்டி அரக்கு வைத்தார். "ரெண்டு வாரம் கழிச்சு வருவேன். செடி வாடியிருந்தா இத்தனை நாளும் ஊத்தினது உறுதி. கனெக்‌ஷனைக் கட் பண்ணிடுவேன்."

"அப்படியே செடியோட வாயையும் கட்டிடுங்க" என்றார் பெரியவர்.

சொன்னபடி வந்தார் ஆய்வாளர். போன தடவை மொட்டையாக இருந்த கிளையிலும் மஞ்சள் கொத்து தொங்கியது. பெரியவர் பிஞ்சுக் காய்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"காயைக் கிள்ளிவிட்டா மறுபடி பூக்கும். அவ்வளவுதான் வைத்தியம்."

அரக்கைத் தடவிப் பார்த்தார் ஆய்வாளர். கீறல்கூட இல்லை. முகம் சுருங்கிப்போனது.

"மன்னிச்சிடுங்க ஐயா. யாரோ வயித்தெரிச்சல்ல பண்ணின வேலை." கேட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். "இது இருக்கிற வீட்டுக்குள்ள, கோடை முடியறவரைக்கும் சோதனைன்னு ஒருத்தரும் வர மாட்டாங்க."

"உங்க கடமையைச் செஞ்சீங்க தம்பி. நல்லா இருங்க."

வண்டிச் சத்தம் தெருமுனையில் ஓய்ந்தது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். உயரமான மதிலுக்குள், இரண்டு வாரமாக டம்ளர் டம்ளராகக் குடித்துவந்த ரோஜாத் தொட்டிகள் வரிசையாக நனைந்தன.

"அடுத்த கோடைக்கு அந்தப் புகார் போனை நான் பண்றேன்" என்றார் வீட்டம்மா. "உங்களை நீங்களே திட்டுறதுல ஒரு காரமே இல்லை."